ஜீப்புக்குத் தெரிந்த விலாசம்

1

அட்டனிலும் மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் இருந்துகொண்டு இதைப் படிக்கப்போகும் அக்கா தங்கைமாருக்கு, கொடைக்கானலில் இருந்து ராசம்மா எழுதுகிறேன்.

நல்ல சேதி எழுதத்தான் உட்கார்ந்தேன். தலைமன்னாரில் நாங்கள் கப்பல் ஏறி இந்த மாதத்தோடு எட்டு வருஷம் ஆகிறது. எட்டு வருஷத்தில் தலைக்கு மேலே ஒரு தகரக் கூரை, மகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம், எனக்கு ஒரு பள்ளி விடுதியின் சலவைக்கூடத்தில் மாதச் சம்பளம் என்று வரிசையாக எழுதி, "நாங்கள் நலம், நீங்களும் தைரியமாக வாருங்கள்" என்று முடிக்க நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை அதைக் கெடுத்துவிட்டது.

அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஒரு நர்ஸ், போளூர்ப் பாதையில் எங்கள் சனம் இருக்கும் காட்டுக் குடிசைகளுக்கு வந்தாள். இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். பெண்களைத் தரையில் உட்காரவைத்து, தான் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து பேசினாள். "உங்களுக்கெல்லாம் விழிப்புணர்வே இல்லம்மா. அதான் டெலிவரிக்கு ஆஸ்பிட்டல் வராம காட்டுலயே பெத்துச் சாவுறீங்க. கவர்மென்ட் இவ்வளவு செஞ்சும் நீங்க வரலைன்னா யாரு என்ன செய்ய முடியும்?"

நான் ஓரமாக நின்றிருந்தேன். சின்னப் பிள்ளை, யாரோ எழுதிக்கொடுத்ததைச் சொல்கிறாள். அவளை ஏசி என்ன பிரயோசனம்? ஆனால் எழுதிக்கொடுத்தவர்களை ஏசாமல் விட எனக்கு மனசு வரவில்லை. ஆகவே நல்ல சேதி இன்னொரு நாளைக்கு. விழிப்புணர்வு இல்லாத நாங்கள் ஏன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்தோம் என்பதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேர் பாஸ்போர்ட் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருக்கிறீர்கள். கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

2

தோட்டத்தைப் புகழ எனக்கு மனம் இல்லை. லயத்துக் காம்பராக்களில் எத்தனை பச்சைப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளை மடுவத்தில் ஒன்பது வருஷம் ஆயம்மாவாக இருந்தவள் நான். கொழுந்து பறிக்கப் போன தாய்மார் திரும்பிவரும் வரைக்கும் முப்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பார்த்தவள்.

ஆனாலும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால் மருத்துவிச்சியம்மாவிடம் பேர் பதிய வேண்டும். விடிகாலையில் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட எல்லாரும் நிற்கும்போது அந்த அம்மா ஏட்டோடு வந்து நிற்பார். மாசமாக இருப்பவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும் தனி வரிசை. பேர் பதிந்தவளுக்கு ஏற்றம் இல்லாத மலையில் வேலை, பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்க டின்னில் பால்மா, பிள்ளை பிறந்தபிறகு பிள்ளைச் சல்லி. பதியாதவளுக்கு ஒன்றும் கிடையாது. அந்த வரிசையை ஒழுங்காக நிறுத்துவது பிள்ளை மடுவத்து ஆயம்மாவின் வேலை, அதாவது என் வேலை.

ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்தது இல்லை. பார்த்தால், "என்னடி, தொரையாகிட்டியா?" என்று கணக்கப்பிள்ளை கேட்பார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த நான்கூடப் பார்த்தது இல்லை. ஏடு வந்தால் வரிசையில் நிற்பது, கைநாட்டு வைப்பது, கொடுப்பதை வாங்குவது. மூன்று தலைமுறைப் பழக்கம். துணிமூட்டையோடும் அண்டா குண்டாவோடும் சேர்த்து இந்தப் பழக்கத்தையும் நாங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

3

மண்டபம் முகாமில் எங்களுக்கு "தாயகம் திரும்பியோர்" என்று பேர் வைத்தார்கள். எந்தத் தாயகம், எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. என் பாட்டனாரின் தகப்பனார் எந்த ஊரில் இருந்து போனார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வியாபாரம் செய்துகொள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். கொழுந்து பறித்தவள் என்ன வியாபாரம் செய்வாள்? அந்த நேரம் பார்த்து ஒரு புரோக்கர் வந்தான். "கொடைக்கானல் மலைக்கு வாங்க. உங்க ஊரு மாதிரியே குளிரும் மஞ்சுமா இருக்கும்" என்றான். குளிரைக் காட்டியே எங்களைக் கூட்டிப்போனான்.

நான், என் வீட்டுக்காரர், ஐந்து வயது மகள் விஜயா, என் தங்கச்சி புஷ்பம், அவள் மாப்பிள்ளை செல்வம். இத்தனை பேரும் வாட்டில் காட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆண்கள் மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். பெண்கள் பட்டையை உரித்து, காயவைத்து, கட்டுக்கட்டி ரோட்டுக்குச் சுமக்க வேண்டும். தோல் பதனிடுகிற ஆலைகளுக்கு அந்தப் பட்டை போகிறது. குடியிருப்பு என்பது நாலு கம்பும் ஒரு பிளாஸ்டிக் தாளும். புஷ்பத்தின் மூத்தவள் சாந்தி அங்கேதான் பிறந்தாள். அப்போது மருத்துவம் பார்த்தவள் நான்தான். தொப்புள்கொடியைப் பட்டை உரிக்கிற கத்தியை வெந்நீரில் போட்டெடுத்து அறுத்தேன்.

போளூர்ச் சனம் எங்களை "அகதிங்க" என்றது. பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடியானவர்கள், கெட்டவர்கள் இல்லை. கடையில் போய் ரொட்டிக்கு "பாண் இருக்கா?" என்று கேட்டால் சிரிப்பார்கள். "பால்மா" என்றால், "அது என்னக்கா மாவு, தோசை சுடவா?" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் எரியும்.

இந்தியாவுக்கு வரும்போது கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை உங்களிடமும் இருக்கும். அதைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்துக்கொள்ளுங்கள். எங்கள் அட்டைகளை வந்த முதல் வாரமே கான்ட்ராக்டரின் மேஸ்திரி வாங்கிவிட்டான். கருத்தப்பாண்டி என்று பேர். "காட்டுல மழைல நனைஞ்சு போகும். எங்கிட்ட பத்திரமாக் கெடக்கட்டும்" என்றான். தோட்டத்தில் நம் கடதாசி எல்லாம் ஆபீஸில்தானே இருக்கும்? அதனால் சந்தேகப்படாமல் கொடுத்துவிட்டோம். ஓடிப்போகாமல் இருக்கப் போட்ட சங்கிலி அது என்று தெரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது.

4

எழுபத்தாறாம் வருஷம். ஊரெல்லாம் அவசர நிலை என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அது என்னவென்று தெரியாது. ஒருநாள் காலையில் காட்டுக்குள் ஒரு ஜீப் வந்தது. கையில் ஏட்டோடு ஒரு ஆள் இறங்கினார். கூடவே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா.

"பிள்ளை பெத்தவங்க எல்லாரும் பேரு குடுங்க" என்றார் அந்த ஆள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள்! இரண்டு வருஷத்தில் எங்களைத் தேடி வந்த முதல் ஏடு அது. நான் முன்னால் போய்க் கேட்டேன். "தாய்பிள்ளைப் பதிவுங்களாய்யா?"

"ஆமா, அதேதான். வெரசா வரச் சொல்லு."

"பால்மா உண்டுங்களா?"

அவருக்குப் பால்மா என்றால் என்ன என்று தெரிந்திருக்காது. "எல்லாம் உண்டு. மொதல்ல வரிசையா நிக்கச் சொல்லும்மா" என்றார்.

நான்தான் நிறுத்தினேன். வரிசையை நிறுத்துகிற ஆயம்மா வரிசையில் நிற்பது இல்லை என்ற பழக்கத்தில் என் பேரைக் கொடுக்கவில்லை. ஒன்பது பெண்கள். பட்டைக் கறை படிந்த கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். கடைசியில் புஷ்பம் தயங்கினாள். "அக்கா, எனக்கு ஒண்ணுதானே இருக்கு, நானும் நிக்கவா?" என்று கேட்டாள். "நில்லுடி, அடுத்தது உண்டாகும்போது பேரு இருந்தாத்தான் ஆஸ்பத்திரியில சேர்ப்பாங்க" என்றேன். ஒன்பது கட்டைவிரல்களும் ஊதா மையில் தோய்ந்து ஏட்டில் பதிந்தன. எனக்கு எழுத்து தெரியும். ஏடு எனக்கு ஒரு முழ தூரத்தில் விரிந்து கிடந்தது. நான் படிக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு வேன் வந்தது. "செக்கப்" என்றார்கள். ஒன்பது பேரும் துவைத்த சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, பால்மா வாங்குவதற்கு டின்னும் துணிப்பையும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பாட்டு வேறு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன்.

மலைக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் வேன் நின்றது. உள்ளே ஒவ்வொருத்தியாகப் பேர் கூப்பிட்டார்கள். நான் வெளியே புளியமரத்தடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாந்தி அழுதாள். "அம்மா இப்ப வந்துருவா, பால்மா கொண்டாருவா" என்று தட்டிக்கொடுத்தேன். முதல் மூன்று பேரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பாயில் கிடத்தினார்கள். ஊசி மயக்கம் என்றார்கள். அதையும் நம்பினேன். நாலாவதாக வந்தவள் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள். "ராசம்மா, வயித்தைக் கிழிச்சுட்டாங்கடி" என்றாள்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். அதற்குள் புஷ்பத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். கதவோரம் இருந்த ஆள் என்னைப் பிடித்துத் தள்ளினான். "என்னம்மா கூப்பாடு போடுற? நாங்களா புடிச்சுட்டு வந்தோம்? சம்மதம்னு நீங்கதானே வெரலை வெச்சீங்க? இந்தா பாரு" என்று ஏட்டைத் திருப்பிக் காட்டினான்.

அப்போதுதான் படித்தேன். கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன் என்று அச்சில் இருந்தது. பிள்ளைகள் எத்தனை என்ற இடத்தில் புஷ்பத்தின் பேருக்கு நேரே மூன்று என்று எழுதியிருந்தார்கள்.

சாயங்காலம் ஆளுக்கு ஒரு சேலையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொடுத்து அனுப்பினார்கள். துணிப்பைகள் வெறுமையாகத் திரும்பின.

5

ஐந்தாம் நாள் புஷ்பத்துக்குக் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் தையலில் சீழ் வடிந்தது. பினாத்தத் தொடங்கிவிட்டாள். செல்வம் மேஸ்திரியிடம் போய் அட்டையைக் கேட்டான். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு அப்படியே கம்பி நீட்டிருவீங்க. கசாயம் வெச்சுக் குடுங்க, சரியாப் போகும்" என்று விரட்டிவிட்டான்.

போளூரில் இருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரி கொடைக்கானல் வழியாகத்தான் போகும். நான் ரோட்டின் நடுவில் போய் நின்றேன். டிரைவர் பிரேக் அடித்துக் கெட்ட வார்த்தையால் ஏசினார். புஷ்பத்தைப் பார்த்ததும் அடங்கினார். "ஏத்துங்க, வெரசா. பூண்டு மூட்டை மேல சாக்கை விரிச்சுப் படுக்க வைங்க" என்றார். அந்த மனுசன் பேர்கூட எனக்குத் தெரியாது. நன்றாக இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். சீட்டு எழுதும் ஆள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"கார்டு?"

"மேஸ்திரிட்ட இருக்குங்க."

"அப்ப கான்ட்ராக்டர் லெட்டர் வாங்கிட்டு வாங்க."

"இவ பொழைக்கட்டுங்கய்யா, பொறகு வாங்கியாறேன்."

"எந்த ஊரு? எந்தப் பஞ்சாயத்து?"

"காட்டுல இருக்கோங்க."

"காட்டுக்கெல்லாம் அட்ரஸ் கிடையாதும்மா. அட்ரஸ் இல்லாம எப்படி என்ட்ரி போடுறது? நாளைக்கு எவனாவது கேட்டா நான் பதில் சொல்லணும்."

என் வாழ்நாளில் அதுவரை ஒரு ஆபீசில் நான் சத்தம் போட்டது கிடையாது. அன்றைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. மேசையில் அடித்தேன். "ரெண்டு வாரத்துக்கு முன்னால ஜீப்பு வந்துச்சே, அதுக்கு எங்க அட்ரஸ் எப்படித் தெரிஞ்சது? அறுக்கக் கூட்டிட்டுப் போகும்போது கார்டு கேட்டீங்களா? ஆறப்போட வந்தா கார்டா? வயித்தைக் கிழிக்கும்போது நாங்க இந்த நாட்டுச் சனம், சீழ் புடிச்சா மட்டும் காட்டுச் சனமா?"

கூட்டம் கூடிவிட்டது. எஸ்தர் சிஸ்டர் என்று ஒரு மூத்த நர்ஸ் சத்தம் கேட்டு வெளியே வந்தார். புஷ்பத்தின் சேலையை விலக்கிப் பார்த்தார். சீட்டு எழுதும் ஆளைப் பார்த்து, "அட்ரஸ் இடத்துல என் வீட்டு அட்ரஸை எழுதுங்க" என்றார். தள்ளுவண்டியைத் தானே இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பதினோரு நாள் கழித்து என் தங்கச்சி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அன்றைக்கு எஸ்தர் சிஸ்டரிடம் கேட்டாள், முகமெல்லாம் சிரிப்பாக. "ஏன் சிஸ்டர், இந்தப் புண்ணு ஆறுன பிறகு எத்தனை மாசம் கழிச்சுப் பிள்ளை உண்டாகலாம்?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். மற்ற எட்டுப் பேருக்கும் தெரிந்துபோயிருந்தது. புஷ்பத்துக்கு யாருமே சொல்லவில்லை. காய்ச்சலில் கிடக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, "இனிமே இல்லடி தங்கச்சி" என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். "நீதானக்கா வரிசையில நிக்கச் சொன்ன" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் என்னோடு பேசவில்லை. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

6

இனி அந்த நர்ஸ் பிள்ளையின் விழிப்புணர்வுக்கு வருகிறேன். அதன்பிறகு ஒரு ஜீப் சத்தம் கேட்டால் போதும், எங்கள் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோலைக்காட்டுக்குள் ஓடினார்கள். அது அம்மை குத்த வந்த ஜீப்பாக இருந்தாலும் ஓடினார்கள். தலைவலி மாத்திரை கொடுத்தாலும் குழியில் போட்டு மூடினார்கள். இரண்டு வருஷத்தில் இரண்டு பெண்கள் அந்தப் பிளாஸ்டிக் தாளுக்குக் கீழேயே பிரசவத்தில் செத்தார்கள். இரண்டு தடவையும் நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நீ கூப்பிட்ட எடத்துக்கு ஒரு தடவை வந்தது போதும்" என்றார்கள்.

சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகாது. அதைப் பூனையின் அறியாமை என்று எழுதி வைத்துக்கொண்டு மாதச் சம்பளம் வாங்குகிறவர்களை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்குள்ளும் ஒருத்தி இருக்கிறாள், என் மகள் விஜயா. பதின்மூன்று வயது. "மம்மி, தேத்தண்ணின்னு சொல்லாதீங்க, டீன்னு சொல்லுங்க" என்பாள். பள்ளிக்கூடத்தில் சொந்த ஊர் எது என்று கேட்டால் கொடைக்கானல் என்கிறாள். அது பொய் என்றும் சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் நான் சலவைக்கூடத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காட்டுப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்பேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "என் கிளாஸ்மேட் அம்மா அங்கதான் ஒர்க் பண்றாங்க மம்மி. அந்தக் கூட்டத்தோட நிக்காதீங்க. எல்லாரும் ரெஃபியூஜின்னு சொல்றாங்க." அவளை அறையக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில்தானடி உன் சித்தியும் நிற்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவள் ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

7

எழுபத்தெட்டு ஐப்பசி. எங்கள் காட்டுக் குடிசைகளில் இருந்த மாரியாயி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி. பிள்ளை குறுக்கே கிடந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதோடு முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்ததும் அந்த வலியிலும் அவள் குடிசைக் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "செத்தாலும் போகமாட்டேன். தூங்க வெச்சுட்டு அறுத்துருவாங்க. கட்டை வெரலை மையில முக்கிருவாங்க" என்று கத்தினாள். அவள் மாமியார் என்னைப் பார்த்து வெளியே போ என்று கை காட்டினாள்.

அப்போது புஷ்பம் உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாரியாயியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய வலது கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"நான் கூட வாரேன். இந்த வெரலை நான் விட்டாத்தான் அது மையில விழும். நான் விடமாட்டேன், ஏந்திரி" என்றாள். பிறகு திரும்பாமலே, "அக்கா, நீயும் வா. எழுதியிருக்கதை நீ படிக்கணும். சத்தமாப் படிக்கணும்" என்றாள். இரண்டு வருஷம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அட்டை? அது இன்னும் மேஸ்திரியின் பெட்டியில்தான் இருந்தது. அன்றைக்கு ஒன்று வசதியாக அமைந்தது. உரித்துக் காயவைத்த பட்டை எல்லாம் ரோட்டோரம் குவிந்து கிடந்தது. ஏற்ற வேண்டிய லாரி வந்து நின்றது. மழை மேகமும் மலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டை நனைந்தால் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த பட்டையை ஆலைக்காரன் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவான். அட்டை கைக்கு வராமல் பட்டையைத் தொடக்கூடாது என்று புஷ்பம் சொல்லிவிட்டு வந்ததைக் கேட்டு, பட்டை சுமக்க வேண்டிய பெண்கள் எல்லாரும் மேஸ்திரியின் குடிசை முன்னால் போய் வரிசையாக நின்றார்கள். யாரும் நிறுத்தாமல் அவர்களாகவே நின்ற வரிசை.

"சோலியைப் பாருங்க தாயி, மழை வருது!" என்று கருத்தப்பாண்டி கத்தினான்.

"கார்டைக் குடுங்க மேஸ்திரி, தூக்குறோம்."

"ஒருத்திக்குத்தானே நோக்காடு? அவ கார்டை மட்டும் எடுத்துத் தாரேன்."

"எல்லாருக்கும்."

முதல் தூறல் விழுந்தது. அவன் வானத்தைப் பார்த்தான், பட்டையைப் பார்த்தான், பெட்டியைத் திறந்தான். அட்டை கைக்கு வந்ததால்தான் பிறகு நான் டவுனில் சலவை வேலைக்குச் சேர முடிந்தது. அந்த மழைக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன்.

அதே பட்டை லாரியில் மாரியாயியைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் புஷ்பத்தின் கை மூடியே இருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு தாள்களை ஒன்றாகப் பின் போட்டு நீட்டினார்கள். "கைநாட்டு வைம்மா, வெரசா. உசுரு போகப் போகுது" என்றார் ஒரு ஆள். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் நான் இரண்டு தாளையும் வாங்கி, வராந்தாவில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி படித்தேன். முதல் தாள், பிள்ளையை வெளியே எடுக்க ஆபரேஷனுக்குச் சம்மதம். இரண்டாவது தாள், அதோடு சேர்த்துக் கருத்தடைக்கும் சம்மதம். தலைப்பிரசவத்துக்கு வந்தவளிடம்!

புஷ்பம் இரண்டாவது தாளைப் பின்னில் இருந்து பிய்த்து, அந்த ஆளின் சட்டைப் பையில் சொருகினாள். "இது உங்களுது" என்றாள். பிறகுதான் தன் கையைத் திறந்து மாரியாயியின் விரலை முதல் தாளில் வைத்தாள். எஸ்தர் சிஸ்டர் மாரியாயியை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கதவு வரைக்கும் புஷ்பம் கூடவே போய் நின்றாள். பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

அதற்குப் பிறகு எஸ்தர் சிஸ்டர் பெரிய டாக்டரோடு சண்டை போட்டு ஒரு ஏற்பாடு செய்தார். காட்டில் இருந்து வருகிறவளிடம் விலாசம் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடாது. கூட ஒரு பெண் நிற்கலாம். தாளைப் படித்துக் காட்டாமல் விரல் வாங்கக்கூடாது. பெரிய சட்டம் ஒன்றும் இல்லை. சுவரில் ஒட்டிய கையெழுத்துக் காகிதம்தான். அந்தக் காகிதம் வந்தபிறகு எங்கள் பெண்கள் போகத் தொடங்கினார்கள். எங்களுக்கு வேண்டியிருந்த விழிப்புணர்வு அவ்வளவுதான். அது வரவேண்டிய இடம் ஆஸ்பத்திரி.

சிஸ்டர் போன வருஷம் ரிட்டயர் ஆகிவிட்டார். சுவருக்கு வெள்ளையடித்தபோது காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள். மறுபடியும் கார்டு, மறுபடியும் அட்ரஸ். ஆகவேதான் மறுபடியும் செவ்வாய்க்கிழமை தோறும் நானும் புஷ்பமும் போய் நிற்கிறோம். கப்பல் ஏறப்போகிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அட்டையை எவனிடமும் கொடுக்காதீர்கள். ஏட்டை எட்டிப் பாருங்கள். தொரையாகிவிட்டாயா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லுங்கள். எழுத்து தெரியாதவர்கள் தெரிந்தவளை விட்டுத் தனியே போகாதீர்கள். எழுத்து தெரிந்தவளே, நான் செய்ததைச் செய்யாதே.

8

நேற்று மறுபடி செவ்வாய்க்கிழமை. ஏழு மாதக்காரி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மேசையில் அந்தப் புது நர்ஸ்தான் இருந்தாள். தாளை நீட்டினாள். புஷ்பம் வழக்கம்போல் அந்தப் பெண்ணின் கட்டைவிரலைக் கைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் பிள்ளைக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க யாரும்மா இவங்களுக்கு? கையை விடுங்க. எல்லா வாரமும் வந்து நிக்கிறீங்களாமே, எதுக்குத் தடுக்குறீங்க? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க, சொல்லுங்க பார்ப்போம்?"

புஷ்பம் சத்தத்தை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"பெத்தது ஒண்ணு சிஸ்டர். உங்க ரிஜிஸ்தர்ல மூணுன்னு எழுதியிருக்கீங்க. மத்த ரெண்டையும் எங்க வெச்சிருக்கீங்கன்னு கேட்டுத்தான் வாராவாரம் வாரேன்."

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். வருஷத்தைச் சொன்னேன், அந்தப் பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன தாமதம் என்று முணுமுணுத்தார்கள். அவள் பேனாவை மூடி வைத்தாள். நீட்டிய தாளைத் தன் பக்கமாகவே திருப்பிக்கொண்டு, முதல் வரியில் இருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள்.

புஷ்பம் கையைத் திறக்கவில்லை. கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.

"இன்னொரு தடவை படிங்க" என்றாள்.